காலி நாற்காலியின் படம்

காலி நாற்காலியைத்தான் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. திரையிலோ அதில் செல்வின் உட்கார்ந்திருந்தான், மெல்லிய கீற்றுகளாக: காதோரம் கொஞ்சம், நீலக் கட்டம் போட்ட சட்டை கொஞ்சம். நேற்று டீ குடிக்க இறங்கிப் போனவன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அவன் சோதித்துக்கொண்டிருந்த கேமரா போர்டை யாரும் அணைக்கவில்லை. பக்கத்து மேசை பிரமிளாவுக்குப் பார்த்ததுமே கோளாறு புரிந்துவிட்டது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் புதுப் படத்தை நினைவகத்தில் எழுதிவிடுகிறது. திரையில் காட்டும் நிரலோ கேஷ் என்னும் தன் தற்காலிகச் சேமிப்பில் தங்கிப்போன பழைய துணுக்குகளையே அங்கங்கே எடுத்து ஒட்டுகிறது. பழசைத் தூக்கிப் போடு என்று நிரலில் ஒரு வரி எழுதினால் போதும். எழுதியும் விட்டாள். அதை ஓட்டத்தான் கை வரவில்லை. எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் அவள் முகம் வந்தது, தோளுக்குக் குறுக்கே அவனுடைய நீலக் கட்டங்களோடு. மூன்று வருஷம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை.

“படத்துல கீத்துக் கீத்தா வந்த அந்தக் கோடெல்லாம் போயிடுச்சாம்மா?” கதவருகே வந்து நின்ற மேனேஜர் ரகுநாதன் கேட்டார். “நாளைக்கு போர்டை அனுப்பணும்.”

“இன்னும் பிடிபடல சார்,” என்றாள், அசையாமல்.