பெயர்க் குச்சி

லாவண்யா கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

அவளுடைய மணி பிளான்ட் கப்பிலிருந்து 'லாவண்யா' என்று எழுதிய ஐஸ் குச்சியைப் பிடுங்கி, பக்கத்துக் கப்பில் செருகிக்கொண்டிருந்தார் ஓஸ்வால்ட்.

"என்ன சார் பண்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒண்ணுமில்லம்மா... சும்மா..."

"சும்மாவா? பேரையே மாத்தறீங்க!"

மல்லேஸ்வரத்தில் தமயந்தி மேடம் வீட்டு பால்கனி அது. வீட்டுக்குள் செடி வளர்க்க, ஒன்றும் தெரியாதவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் வகுப்பு. ஆளுக்கொரு கப்பில் மணி பிளான்ட் கணு ஒன்றை நட்டு அங்கேயே வைத்திருந்தார்கள். ஓஸ்வால்ட் கீழ் வீட்டுக்காரர், ரயில்வேயில் ரிட்டயரானவர். 'நானும் புதுசுதான்' என்று சொல்லி வந்து சேர்ந்தவர்.

முதல் நாள், எதற்கு வந்தீர்கள் என்று மேடம் கேட்டபோது லாவண்யா மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"எனக்குக் கைராசியே இல்ல மேடம். எதை நட்டாலும் காஞ்சு போகுது. எட்டு மாசத்துலயே பொறந்துட்டா என் பொண்ணு. இன்னும் நான் அவளைக் குளிப்பாட்டினதே இல்ல, பயம். எல்லாம் மாமியார்தான். இந்தச் செடி துளிர்த்தாத்தான் பாப்பா மேல தண்ணி ஊத்துவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஓஸ்வால்ட் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றையிலிருந்து வாராவாரம் ஒரே கேள்வி. "பாப்பாவைக் குளிப்பாட்டிட்டீங்களா?"

வீட்டில் சொன்னபோது, ஒய்2கே கம்ப்யூட்டர் வேலையில் மூழ்கிக் கிடந்த கணவன் பரத்கூட நிமிர்ந்து பார்த்தான். "அந்தாளுக்கு எதுக்கு நம்ம வீட்டுக் கதை? ஜாக்கிரதையா இரு."

மற்றவர்கள் கப்பில் எல்லாம் துளிர். அவளுடையது மட்டும் அப்படியே மொட்டைக் குச்சி. போன வாரம் வந்து பார்த்தால், அவள் பெயருள்ள கப்பில் பளபளவென்று ரெண்டு இலை! ஓஸ்வால்டின் கப்தான் மொட்டையாக நின்றது.

"இலை கொட்டிடுச்சும்மா" என்றார். பாவமாகத்தான் இருந்தது அப்போது.

அன்று சாயங்காலமே குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டாள். முதல் சொம்புத் தண்ணீருக்குப் பாப்பா வாயைக் கோணியது. ரெண்டாவது சொம்புக்குச் சிரித்தது.

அந்தச் செடியைத்தான் இந்த ஆள் இப்போது தள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறார். அவள் பெயரைக் குத்திய கப்பில் இருந்தது ஊசிமுனை அளவுக்கு ஒரு பச்சை, அவ்வளவுதான்.

"மேடம், இங்க வாங்க! இவர் என் செடியைத் திருடறார்!"

மண் கையோடு ஓடி வந்தார் தமயந்தி. "என்னது? ஸ்வல்ப... கொஞ்சம் பொறும்மா லாவண்யா..."

"எதுக்குப் பொறுக்கணும்? இந்த வயசுல, ரெண்டு இலைக்கு ஆசைப்பட்டு... வெக்கமா இல்ல சார்?" இலை விட்ட கப்பைக் காட்டினாள். "உங்களுக்கு அது செடி. எனக்கு அப்படியில்ல. அது போயிடுச்சுன்னா நாளைக்கு எம் பொண்ணைத் தொடவே எனக்குத் தைரியம் வராது."

"சார், என்ன இது?" என்றார் தமயந்தியும்.

ஓஸ்வால்ட் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"இந்த வாரம் குளிப்பாட்டினீங்களாம்மா?"

"தினமும்தான்! அதுக்கென்ன இப்போ?"

"பாப்பா சுகமா இருக்காளா?"

"தண்ணியை விட்டு வெளிய தூக்கினா அழறா!"

ஊசிமுனைப் பச்சை இருந்த கப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார் ஓஸ்வால்ட்.

"ரெண்டு இலை விட்டது என் செடிம்மா. உங்களோடது இன்னிக்குக் காலைலதான் துளிர்த்துச்சு. அதுவரைக்கும் பாப்பா காத்திருக்க வேணாமேன்னுதான் போன வாரமே பேரை மாத்தி வெச்சேன்."