இடது ஓரத்து ஊதா

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, காலை நீட்டி உட்காருங்கள். ஒரு பழைய டிவியின் கதை சொல்கிறேன். சின்னதுதான், மனசை மட்டும் கொஞ்சம் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிவி மெக்கானிக் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்துவந்த அந்த வீட்டுக் கம்பவுண்டர் சிரித்தார்.

"வாங்க டாக்டர்! பேஷன்ட்டுக்கு மறுபடியும் தேமல் வந்துடுச்சு. போன தடவை நீங்க பாத்த வைத்தியம் கேக்கலை."

பின்பக்கம் பானையாய்ப் பெருத்த பழைய டிவி. திரையின் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா, அதைச் சுற்றிப் பச்சை.

செய்தியோ சினிமாவோ ஓடினால் கம்பவுண்டர் அந்தக் கறையைப் பொறுத்துக்கொள்வார். ஒரே ஒரு கேசட்டுக்குத்தான் பொறுக்கமாட்டார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோ அது. அதில் இடது ஓரமாக நிற்பவள் அவருடைய ஒரே மகள்.

அவள் இப்போது இல்லை. அவள் நடப்பதும் சிரிப்பதும் இந்த உலகத்தில் அந்தக் கேசட்டுக்குள் மட்டும்தான்.

கறை சரியாக அவள் முகத்தில் விழுந்தது.

மெக்கானிக் டிவியின் மேல் போர்த்தியிருந்த பூவேலைத் துணியை இழுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, கம்பி வளையத்தைக் கரண்ட்டில் சொருகி, திரைக்கு முன்னால் மாவாட்டுவது போலச் சுற்றினான். சுற்றிக்கொண்டே மெல்லப் பின்னால் நகர்ந்தான். நிறங்கள் தண்ணீரில் விழுந்த எண்ணெயாய்க் குழைந்து அடங்கின. கறை போயிற்று.

போன தடவையும்தான் போயிற்று.

திரையில் காந்தம் ஏறினால் வரும் கோளாறு இது; வளையம் அந்தக் காந்தத்தைக் கலைத்துவிடும். முதல் தடவை வந்தபோது பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டி, அதற்குள் காந்தம் இருக்கிறது, டிவி அருகில் வைக்கவே கூடாது என்று புருஷன் பெண்சாதி இருவருக்கும் விளக்கிவிட்டுத்தான் போனான். ஸ்பீக்கர் அன்றைக்கே அடுத்த அறைக்குப் போய்விட்டது. கறை மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

டீக்குப் பால் வாங்கக் கம்பவுண்டர் தெருமுனைக்குப் போனார்.

மெக்கானிக் பூவேலைத் துணியை டிவியின் மேல் மறுபடி போர்த்தத் தூக்கினான். இடது ஓரத்து மடிப்பு கனத்தது. உள்ளே, நாலு தையலில் பிடித்துவைத்த ஒரு வட்டக் காந்தம்.

நிமிர்ந்தான். சமையலறை வாசலில் கம்பவுண்டரின் மனைவி நின்றிருந்தாள். வந்து, காந்தத்தோடு அந்தத் துணியை அவன் கையிலிருந்து வாங்கித் தூர வைத்தாள். கேசட்டைப் போட்டாள்.

மைக்கில் யாரோ பேசிக்கொண்டிருந்தார். நம்ம கம்பவுண்டர் கண்ணை இழுத்து ஒரு பார்வை பார்த்தால் போதும், டாக்டருக்கு முன்னாலேயே வியாதியைச் சொல்லிவிடுவார் என்றார். கைதட்டல். கேமரா மகளை நெருங்கியது. அவள் அப்பாவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

மெக்கானிக்கின் கை தொழில் பழக்கத்தில் கலர் குமிழுக்குப் போய், பாதியில் நின்றது.

பக்கத்தில் நின்ற நர்ஸின் உடுப்பு வெள்ளை. கம்பவுண்டரின் சட்டை வெள்ளை. அந்தப் பெண்ணின் கண்கள் மட்டும் மஞ்சள்.

டிவியில் கோளாறு இல்லை.

"அடுத்த ரெண்டு மாசத்துல ஈரல் வியாதியில போயிட்டா தம்பி. அன்னைக்கு எங்க யாரு கண்ணுலயும் படலை. நீ முதல் தடவை சரிபண்ணிட்டுப் போனப்பதான் நானே பார்த்தேன். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து அவரு முகம் கழுவப் போயிட்டாரு. ஊரு கண்ணையெல்லாம் பார்த்த மனுஷன். இதைப் பார்த்தா உசுரை வெச்சிருக்க மாட்டாருப்பா."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் கேசட்டை நிறுத்தினாள். மெக்கானிக் தன் கையாலேயே துணியை எடுத்துப் பழையபடி போர்த்தினான். ஊதா திரும்பி வந்து உட்கார்ந்தது.

"டியூப் பழசாயிடுச்சு சார். இனிமே என் கையில ஒண்ணுமில்லை," என்றான். அந்த வீட்டுச் சர்க்கரை போட்ட டீயும் அன்று கசந்தது.

கம்பவுண்டர் வழியனுப்ப வெளியே வந்தார். வந்தவர் பின்னால் திரும்பிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். கேலி பேசிய குரல் எங்கேயோ போயிருந்தது.

"தம்பி, கலரை மொத்தமா எடுத்துட முடியுமா? அந்தக் காலத்து டிவி மாதிரி, கருப்பு வெள்ளையா?"

மெக்கானிக் அவரையே பார்த்தான்.

"அவ முகத்தைப் பார்க்காம இருக்கவும் முடியலை. கண்ணுல அந்த மஞ்சளோட பார்க்கவும் முடியலை. நீ முதல் தடவை சரிபண்ணிட்டுப் போனப்பவே அதைப் பார்த்துட்டுத்தான் முகம் கழுவ எந்திரிச்சுப் போனேன்." தோள்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "கலர் செத்துப்போச்சுன்னு உள்ள சொல்லிடு. எனக்குத் தெரியும்னு என் வீட்டுக்காரிக்குத் தெரிய வேணாம்."

ஸ்க்ரூடிரைவரை மறந்துவிட்டேன் என்று மெக்கானிக் மறுபடி உள்ளே போனான். கேசட்டை ஓடவிட்டு, படம் கருப்பு வெள்ளையாகும் வரைக்கும் கலர் குமிழைத் திருகிக் குறைத்தான். அந்த அம்மா திரையைப் பார்த்தாள். பிறகு தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, காந்தத்தை எடுத்து அவன் பைக்குள் போட்டாள். ஓரத்துக் கறையும் போக, வளையத்தை எடுத்து இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு அவன் கிளம்பினான்.

கம்பவுண்டர் வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். சாம்பல் நிறத்தில், ஒரு நோய்நொடியும் இல்லாதவளாக, மகள் சிரித்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நன்றாக இருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒருவர் முகம் வாடினால், அன்றைக்கே அது இன்னொருவர் கண்ணில் படட்டும்.