ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு

ஃபிரெஸ்னோ நகரின் ஸ்பானியப் பாட்டு வானொலியில் அறிவிப்பாளர் ஒஃபேலியாவுக்கு இது கடைசிப் பகல். நாளை நிலையம் கைமாறுகிறது. நேயர்களிடம் மூச்சுவிடக் கூடாதென்று உத்தரவு. பாதி காலியான இசைத்தட்டு அலமாரியில் வெயில் விழுந்து கிடக்கிறது. ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அப்பால் முதலாளி கைகட்டிக் கவனித்தபடி நிற்கிறார். தொலைபேசியில் திராட்சைத் தோட்டத்து நிக்கனோர். "அக்கா, ஞாயித்துக்கிழமை என் பொண்டாட்டி யூலாலியாவுக்கு ஒரு பாட்டு போடுங்க. கோவிச்சுக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. என் போனை எடுக்கமாட்டா, உங்க ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சிய மட்டும் விடமாட்டா." "இப்பவே போடுறேனே, நிக்கனோர்?" "இப்ப பழக் கிடங்குல வேலையா இருப்பா. மெஷின் சத்தத்துல எங்க கேக்கும்? ஏன், அதுக்குள்ள யாரோடயாவது ஓடிப்போகப் போறீங்களா?" அவன் சிரிக்கிறான். அவள் கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் முதலாளியைப் பார்க்கிறாள். "சரிப்பா, ஞாயித்துக்கிழமை." போனை வைத்ததும் இருவர் பெயரையும் சொல்லிப் பாட்டை உடனே ஓடவிடுகிறாள். மேசையிலுள்ள ஒலிக் குமிழை முழுதாகத் திருகுகிறாள். அதைத் திருகினால் இந்த அறைக்குள் மட்டும்தான் சத்தம் கூடும்.