ஜன்னலுக்கு வெளியே கிளிஃப்

முதியோர் இல்லப் பொறுப்பாளர் ஜானிஸ், உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலிலிருந்து வரும் அறிவுரை எதையும் தட்டியதில்லை. கொரோனா காலத்தில் உறவினர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும் என்றார்கள், நிற்கவைத்தாள். பிறகு அந்த விதியை நீக்கி, வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரிவிக்கச் சொன்னார்கள், தெரிவித்தாள். வினிஃப்ரெடின் கணவர் கிளிஃபிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

ஆனாலும் அவர் வழக்கமாக வந்து நிற்கும் புதன்கிழமைப் பிற்பகல்தோறும் வினிஃப்ரெடின் ஜன்னல் கண்ணாடியில், வெளிப்பக்கமாக, மூச்சுப் பட்டதுபோல ஒரு வட்டம் பனிக்கும். அவள் உள்ளிருந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள்.

"அவரு இந்தக் கையப் பிடிச்சு எத்தனை வருஷமாச்சு கண்ணு," என்றாள் ஒருநாள் ஜானிஸிடம். "நீ சொன்னாத்தானே அந்த மனுஷன் உள்ள வருவாரு? புல்லுல நடக்காதேன்னு போர்டு இருந்தா ஊரையே சுத்திக்கிட்டுப் போற ஆளு."

"நான் என்னத்தச் சொல்றது, வினி?"

"கவுன்சில் சொன்னதச் சொல்லு."

கிழவியின் மனம் நோக வேண்டாமென்று ஜானிஸ் ஜன்னலைத் திறந்தாள். வெளியே மழை. "கிளிஃப், இனிமே நீங்க உள்ளேயே வரலாம். வாசல்ல கைய மட்டும் சுத்தம் பண்ணிக்குங்க," என்று ரோஜாச் செடிகளிடம் சொன்னாள்.

வாசல் மணி அடித்தது. ஜானிஸ் போய்க் கதவைத் திறந்தாள். யாருமில்லை. சுவரிலிருந்த கிருமிநாசினிப் புட்டி தானாக அமுங்கியது. இன்னொரு தரமும் அமுங்கியது. கிளிஃப் எதையும் அரைகுறையாகச் செய்கிறவரல்ல.

அறைக்குள்ளிருந்து வினிஃப்ரெடின் குரல் கேட்டது.

"அடப் பாவி மனுஷா, கை ஏன் இப்படிச் சில்லுனு கெடக்கு! கொடு இப்படி."