நேராகக் கேட்டுவிடுங்கள்

"தற்கொலை எண்ணம் வருகிறதா என்று பிள்ளைகளிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதால் கெடுதல் வராது" என்று பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் சொன்னதிலிருந்து கோவிந்தராஜனுக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாவது படிக்கும் மகளிடம் அதை எப்படிக் கேட்பது? மனைவிக்குக்கூடத் தெரியாமல் ஒரு வாரம் பாத்ரூம் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தார்.

ஞாயிறன்று டாக்குரியா ஏரிக்குப் போகலாம் என்று மகள் இந்துஜாவே கூப்பிட்டது வசதியாகப் போயிற்று. ஜால்முரி என்ற காரப்பொரிப் பொட்டலம் காலியானதும் கேட்டேவிட்டார்.

"சாகணும்னு எப்பவாவது தோணுதாம்மா?"

"இல்லப்பா. தோணினா முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்." சொல்லிவிட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாத்ரூம்ல இதைத்தான் சொல்லிப் பார்த்தீங்களா?"

"உனக்குக் கேட்டுதா?"

"உங்களுக்குத்தான் அப்படித் தோணுதுன்னு நானும் அம்மாவும் நடுங்கிட்டோம்!"

அடுத்த பெஞ்சில், குடைக்குப் பின்னாலிருந்து மனைவி வசுமதி எட்டிப் பார்த்தாள்.

"கேட்டுட்டியாடி? அப்பா என்ன சொன்னார்?"