கிளாஸ் முட்டை

"முதல் கரண்டியை நீயே தின்னு" என்றாள் லதீஃபா.

சந்தனமாரி ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடி கிளாஸுக்குள் ஸ்பூனை அடிவரை இறக்கி, உருளைக்கிழங்கும் முட்டையுமாக ஒரு வாய் அள்ளித் தின்றாள். விழுங்கிவிட்டு வாயைத் திறந்தும் காட்டினாள்.

லதீஃபாவுக்குக் கூசியது. ஆனாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கால் மணி நேரம் நின்றாள். அதன் பிறகுதான் கிளாஸைக் கட்டிலருகே கொண்டுபோக விட்டாள்.

பயப்படக் காரணம் இருந்தது. கட்டிலில் கிடந்த அவள் புருஷன் மொய்து, கொச்சி மட்டாஞ்சேரியில் படகு ஜெட்டிப் பக்கம் ஹோட்டல் நடத்தியவர். சந்தனமாரியின் புருஷன் இசக்கிமுத்து அங்கே சமையல்காரன். எண்பத்தொன்றாம் வருஷ மழைக்காலத்தில் அடுக்களையில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தது. இசக்கிமுத்துவால் வெளியே வர முடியவில்லை. உள்ளேயே எரிந்து போனான்.

பின்கதவு வெளியே பூட்டியிருந்தது என்று ஊர் பேசியது. சாமான் வெளியே போய்விடும் என்று முதலாளிதான் பூட்டி வைப்பார் என்றும் பேசியது. "கதவு திறந்துதான் கிடந்தது" என்றார் மொய்து. போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது. தீப்பிடித்த அன்று சாயங்காலம் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அலமாரிக்கு அடியில் தள்ளியதை லதீஃபா பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஹோட்டல் திறக்கவே இல்லை. ஆறாம் மாதம் மொய்துவுக்கு வாதம் அடித்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கஞ்சி கொடுத்தால் புரையேறியது. மற்றதையெல்லாம் துப்பினார். வயிற்றுக்குள் ஏதாவது போகாவிட்டால் இந்த மாதம் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். குழறிக் குழறி அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கிளாஸ் முட்டை.

யூதர் தெருவான ஜூ டவுனைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் அந்த ஹோட்டலைத் தேடி வந்ததே அதற்காகத்தான். கப்பல் சமையல்காரன் ஒருவனிடம் இசக்கிமுத்து கற்றுக்கொண்டது. புருஷன் பக்கத்தில் நின்று கிழங்கு உரித்த சந்தனமாரிக்குத்தான் இப்போது அந்தப் பக்குவம் தெரியும். வேறு வழியில்லாமல் லதீஃபா ஆள் அனுப்பினாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள். மறுநாள் காலையிலேயே வந்து நின்றாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். வெந்த கிழங்கைச் சல்லடையில் தேய்த்து, வெண்ணெயும் சூடான பாலும் விட்டுக் கட்டியில்லாமல் கடைவாள். கிளாஸில் பாதிக்கு அதை நிரப்பி, மேலே முட்டையை உடைத்து ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அடியில் துணி விரித்து அதன்மேல் நிறுத்துவாள்.

"தண்ணி நல்லாக் கொதிக்கட்டுமே?" என்றாள் லதீஃபா ஒருநாள்.

"கொதிச்சா முட்டை கல்லாப் போயிரும் இத்தா. தண்ணி லேசா நடுங்குனாப் போதும். எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் சொல்லுவாரு."

லதீஃபா தலையைக் குனிந்துகொண்டாள்.

வெள்ளை தயிராக உறைந்து மஞ்சள் இளகி நிற்கும்போது எடுத்து, மிளகுப்பொடி தூவி, மொய்துவின் தலையை ஒரு கையால் தாங்கி ஊட்டுவாள். கடைவாயில் வழிவதைத் தன் முந்தானையாலேயே துடைப்பாள். பத்தாம் நாளிலிருந்து லதீஃபா முதல் கரண்டிப் பேச்சை எடுக்கவில்லை.

கிளம்பும்போது மட்டும் சந்தனமாரி தவறாமல் கேட்பாள்.

"டாக்டரு என்ன சொன்னாரு இத்தா? எந்திரிச்சு நடப்பாராமா?"

"இன்ஷா அல்லா, நடப்பாங்க."

"நாம பேசுறது அவருக்கு மனசிலாகுதா? கேட்டா பதில் சொல்ற அளவுக்குப் புத்தி தெளிஞ்சிருக்கா?"

"எல்லாம் மனசிலாகுதுடி. நாக்குதான் இன்னும் வழங்கல."

அதைக் கேட்ட பிறகுதான் செருப்பை மாட்டுவாள். சார்ஜாவிலிருக்கும் மொய்துவின் மகன்கூட இத்தனை அக்கறையாக விசாரித்து ஒரு கடிதம் போட்டதில்லை. லதீஃபா புதுச்சேலை ஒன்று எடுத்து வைத்தாள். சந்தனமாரி அதைத் தொடவில்லை.

இரண்டாம் மாதம் மொய்து தலையணை இல்லாமல் உட்கார்ந்தார். ஒருநாள், ஊட்டியதை விழுங்கிவிட்டு, "உப்பு... குறவு" என்றார். லதீஃபா வாய்விட்டு அழுதுவிட்டாள். அடுத்த வாரம் வந்த டாக்டர் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி நிற்க வைத்தார். "ரெண்டு வாரத்துல கம்பு ஊன்றி நடப்பாரு. இனி உயிருக்குப் பயமில்ல."

டாக்டரை அனுப்பிவிட்டு லதீஃபா அடுக்களைக்கு ஓடினாள். கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்த சந்தனமாரியின் ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உன் புருஷன் எங்க அடுக்களையிலதான் செத்தான். ஆனாலும் நீ இவங்கள மன்னிச்சு உயிரு குடுத்திருக்கே மாரி. படைச்சவன் உனக்குக் குறை வைக்கமாட்டான்."

சந்தனமாரி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "நான் யாரையும் மன்னிக்கல இத்தா. எறணாகுளத்துல வக்கீலு வச்சு, கோர்ட்டுல நானே கேஸு குடுத்திருக்கேன். கதவு பூட்டியிருந்ததப் பாத்த ரெண்டு பேரு சாட்சி சொல்றாங்க. சம்மன் இந்த வாரம் வரும்."

லதீஃபா கட்டில் கிடந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பின்னே எதுக்குடி அவங்கள ரெண்டு மாசமா ஊட்டி ஊட்டிப் பிழைக்க வச்சே?"

சந்தனமாரி கிளாஸைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"முதலாளி செத்துட்டா கேஸும் செத்துப்போயிருமே, இத்தா."