கொல்லை அரளி

ஒன்றரை வயது மகள் எலிசா அரளிப்பூவை வாயில் வைக்கப் போனதைப் பார்த்த அன்றே, ஞானமேரி கொல்லையில் இருந்த அரளியை அடியோடு வெட்டிவிட்டாள்.

"பூவுலேருந்து வேரு வரைக்கும் வெசங்க. கொழந்த இருக்கிற வூட்டுல இது எதுக்கு?"

விழுப்புரம் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் செபஸ்தியான் எச்சரித்தான். "எரிச்சிடாத மேரி. அந்தப் பொகையும் ஆகாது."

"எரிக்கலீங்க. ஏரிக்கரையில வீசிட்டேன்."

நான்கு நாள் கழித்து, காலையில் பின்தெரு காந்திமதி அழுதுகொண்டே வாசலில் வந்து நின்றாள்.

"மேரி, என் ஆடு செத்துப்போச்சு! நிக்க முடியாம அப்படியே வுழுந்துடுச்சு."

"ஐயோ, என்னாச்சுக்கா?"

"எவளோ ஏரிக்கரையில அரளியை வெட்டிப் போட்டிருக்கா. பச்சையா இருந்தா ஆடு மோந்துட்டுப் போயிடும். காஞ்சிட்டா தின்னுடும். நேத்து சாயங்காலம் அங்கதான் மேஞ்சிக்கினு இருந்துச்சு."

நல்லவேளை, வெட்டியது யாரென்று காந்திமதிக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள் ஞானமேரி.

"அழாதக்கா. நாலு ஆட்டுல எது செத்துச்சு? கெடாவா?"

"இல்லடி, கறுப்பி. விடியக்காலம் நம்ம எலிசாவுக்குப் பால் கறந்து குடுத்தேனே, அதுதான். அப்பகூட நல்லாத்தான் நின்னுக்கினு இருந்துச்சு."

ஞானமேரி மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

தினமும் இந்நேரத்துக்கு வீட்டையே ரெண்டாக்கும் எலிசா, காலிப் பால்புட்டியை அணைத்தபடி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.